அப்பா பீடியை விட்ட விதம்

இண்டூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. புகையிலைத் தடுப்புக்கும் நான்தான் பொறுப்பு. பள்ளி வாசலிலிருந்து நூறு கெஜம் அளந்து, அதற்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாதென்று சாலையில் மஞ்சள் கோடு போட்டேன். அறிவிப்புப் பலகை வைத்தேன். காலைக் கூட்டத்தில் பேசினேன். பேச்சில் தவறாமல் ஓர் உதாரணம் வரும். "எங்கப்பா முப்பது வருசம் பீடி குடிச்சவர். இப்ப ரெண்டு மாசமா தொடறதில்ல. மனசு வச்சா யாரும் விடலாம்." பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு என்னோடு இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி பொங்கலுக்கு வந்தபோது அவருக்கு ஒரு சின்னக் கருவி கொடுத்துவிட்டுப் போனான். மார்க்கர் பேனா அளவு, புதினா நிறம். சளிக்கு ஆவி பிடிப்பதா என்று கேட்டேன். "அந்த மாதிரிதான்க்கா" என்றான். அதன் பிறகு வீட்டில் பீடி நாற்றம் இல்லை. இருமல்கூடக் குறைந்ததுபோல் தெரிந்தது. அறிவியல் படித்தவள் அதை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்காமல் எப்படி இருந்தேன் என்று கேட்டால் எனக்கே விளங்கவில்லை.

தர்மபுரியில் பொறுப்பாசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், திரையில் ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் அதே பொருள். மின் சிகரெட், நாடு முழுக்கத் தடை என்றார் பயிற்சி கொடுத்த அதிகாரி. விற்கக் கூடாது, வரவழைக்கக் கூடாது, இருப்பு வைக்கக் கூடாது.

நான் எழுந்தேன். "சார், யாராவது வூட்ல ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தா அதுவும் இருப்புதானுங்களா?"

"ஒண்ணே ஒண்ணுன்னா..." என்று இழுத்தவர், "எதுக்குக் கேக்கறீங்க மேடம்? ஸ்கூல்ல ஏதாவது மாட்டுச்சா?" என்றார்.

"இல்லைங்க, சும்மா" என்று உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கருவியை எடுத்து அப்பா முன்னால் வைத்தேன்.

"ஏம்பா, இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா? பீடிக்குப் பதிலுன்னு தம்பி குடுத்தான்."

"இது தடை பண்ணதுப்பா."

அப்பா கருவியைப் புரட்டிப் பார்த்தார். "பீடிக்குத் தடை இல்லியா?"

"இல்ல."

"அப்ப பீடியே குடிக்கட்டுமா?"

கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் தடையில்லாமல் பேசுகிற நான், என் வீட்டுக் கூடத்தில் பைகூட இறக்காமல் நின்றேன். இதைப் பிடுங்கினால் பீடிக்குப் போய்விடுவார். விட்டுவைத்தால், நாளை பள்ளியில் எந்த முகத்தோடு பேசுவது? அவர் ஏதோ ஒன்றை விட்டிருந்தார். பீடியையா, பழக்கத்தையா என்றுதான் தெரியவில்லை.

தம்பிக்குப் போன் செய்து கத்தினேன். "அவரு இருமறதப் பாக்க முடியலக்கா, அதான்" என்றான். அதற்குமேல் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். புகையிலையை விட வருபவர்களுக்கு அங்கே தனி அறை இருக்கிறது. டாக்டர் இளம் பெண். இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று அவரிடம் நேராகக் கேட்டேன்.

"அதுலயும் நிக்கோடின்தான் இருக்குங்க. ஒண்ணவிட ஒண்ணு தேவலைன்னு சொல்லி உங்கள அனுப்ப மாட்டேன்" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, பீடிய விட்டே ஆகணும்னு நெனச்சீங்க பாருங்க, அது பெரிய விசயம். மீதியையும் விட நான் உதவி பண்றேன்."

மெல்வதற்கு நிக்கோடின் சூயிங்கம் கொடுத்தார். அதிலும் நிக்கோடினா என்று அப்பா சிரித்தார். அளவு குறைத்துக் குறைத்து நிறுத்துவதற்கு அது என்று டாக்டர் விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. கருவியை அங்கேயே ஒப்படைத்தோம். யாருடையது என்று அவர் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பீடி வாசனை வந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுதாம்மா, பஸ் ஸ்டாண்டுல பழைய டிரைவரப் பாத்தேன்" என்றார். மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் திட்டவில்லை. அது நடப்பதுதான் என்று சொல்லி அடுத்த தேதி கொடுத்தார். இப்போது ஒரு மாதமாகப் பீடி இல்லை, சூயிங்கம் மட்டும்தான். அப்பா அதை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு டி.வி. பார்க்கிறார். நன்றாகிக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைக்கிறேன். முன்பும் அப்படித்தான் நினைத்தேன்.