அண்ணன் குடிக்காத தண்ணீர்

எங்கள் வீட்டுத் தகரச் சுவரில் ஆணி ஓட்டைகள் நிறைய இருந்தன. நிவாரணமாகக் கிடைத்த பழைய தகரம் அது. வெயில் ஏறியதும் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். ஒரு வைகாசி மாதக் காலையில் அண்ணன் குளிக்கும் சவர்க்காரக் கட்டியைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். ஏன் என்று கேட்டேன். "அதுக்குள்ளால பாக்கிறாங்க புள்ள" என்றார், மிக மெதுவாக. மத்தியானம் தகரம் காய்ந்ததும் சவர்க்காரம் உருகி, சுவரின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடுகளாக வழிந்தது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "என்ன கா, ஊட்டுக்கு முழுக்காட்டா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. மாமி எதற்கு எட்டிப் பார்த்தார் என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மனநோய் என்ற சொல்லை அப்போது கேட்டதில்லை. கச்சான் காற்றைத்தான் தெரியும். வைகாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் மேற்கேயிருந்து வயல்களைத் தாண்டி வரும் காய்ந்த காற்று அது. உதடு வெடிக்கும், கண் எரியும், சின்ன விஷயத்துக்கும் சண்டை வரும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் ஊரே முற்றத்தில் பாய் போட்டுப் படுக்குமாம். நாட்டில் துவக்குச் சண்டை வந்த பிறகு வெளியே படுத்தால், காவல் நிற்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். யார் என்று கேட்காதீர்கள். எல்லாப் பக்கமும்தான். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு தகரத்துக்குள் வெந்தோம். அண்ணன் கடலோடு ஒட்டிய உப்பு வாவியில் வலை வீசுகிறவர். அந்த மாதங்களில் வாவி வற்றி மீனும் குறைந்துவிடும். தொழில் இல்லை, நித்திரை இல்லை. பகல் முழுக்கச் சுவரில் சாய்ந்து இருந்தார். எழுதும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன. அன்று ஒன்றும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாட்களில் சந்தேகம் நோயாகத் தெரியவில்லை, புத்தியாகத் தெரிந்தது. வேலிகளுக்கு நடுவே போகும் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் பேக்கரிப் பாண் கொண்டுவரும் ஒருவர் திடீரென்று மணி அடிக்காமல் வரத் தொடங்கினார். "மணி அடிக்காம வாறவன் ஆளுகளை எண்ணுறதுக்குத்தான் வாறான்" என்றார் அண்ணன். அம்மா தலையாட்டினார். மாமியும் தலையாட்டினார். ஒழுங்கை முழுக்க அவரிடம் பாண் வாங்குவதை நிறுத்தியது. மணியைக் கழற்றச் சொன்னவர்கள் சென்ரிக் காவலரணில் நின்ற ஆமிக்காரர்கள் என்று பிறகுதான் தெரியவந்தது. ஆனால் அன்று அம்மா பெருமையாகச் சொன்னார்: "என்ட மகனுக்குக் கண் நாலு."

அதன் பிறகு அந்தக் கண் வீட்டுக்குள் திரும்பியது. கிணற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்றார். பானைத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டார். தானே மரத்தில் ஏறிப் பறித்த இளநீரை மட்டும் குடித்தார். அதற்குள் ஒருவரும் ஒன்றும் போட முடியாதாம். எங்களுக்கு இருந்தவை இரண்டே தென்னை மரங்கள். ஐந்தாம் நாள் குலைகள் முடிந்தன. அந்த வெக்கையில் ஒரு முழு நாள் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. உதட்டில் தோல் உரிந்து தொங்கியது. அம்மா என் கையைப் பிடித்து, "ஆருக்கும் வாயத் துறக்காத. பைத்தியம், விசரெண்டு பேர் வந்தா ஒருத்தன் புடிச்சிட்டுப் போவான், மத்தவன் சுட்டுருவான். குளிர்த்தி முடிய எல்லாம் தணிஞ்சிரும்" என்றார்.

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வருடத்தில் வைகாசிக்கு மட்டும் திறக்கும். கடைசி நாள் அம்மனின் கோபச் சூடு தணியக் குளிர்த்தி பாடுவார்கள். அந்த வருடம் ஊரடங்குக்குப் பயந்து பகலிலேயே பாடி முடித்தார்கள். வேப்பிலை போட்ட குளிர்த்தித் தண்ணீரைச் செம்பில் வாங்கிக்கொண்டு, சுடுமணலில் ஓடினேன். அம்மன் தண்ணீரை அவர் சந்தேகப்பட மாட்டார் என்று நம்பினேன்.

செம்பை வாங்கி உள்ளே நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ முதல் குடி."

"இது கோயில் தண்ணி, அண்ணன். உங்களுக்கெண்டு நேந்து வாங்கினது. நான் வாய் வெச்சா எச்சிலாப் போயிரும்."

"ஒரு முறடு குடி புள்ள."

"ஏலா. அம்மாளுக்குக் குற்றம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். "அப்ப செரி" என்று செம்பைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் நடந்தார். எனக்கும் வெக்கை, எனக்கும் ஆத்திரம். போகட்டும் என்று இருந்துவிட்டேன். எச்சில் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்த மறுப்புத்தான் அவருக்கு அத்தாட்சி ஆகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் காலை வாவிக்கரைக் கண்ணாப் புதருக்குள் அவருடைய தோணி சிக்கிக் கிடந்தது. அண்ணன் அதற்குள் சுருண்டு கிடந்தார். உயிர் இல்லை. காயமும் ஒன்றும் இல்லை. உடம்பில் தண்ணீர் இல்லாமல் போனது என்று டாக்டர் சொன்னார். சுற்றிலும் உப்புத் தண்ணீர்.

ஊர் அதை நம்பவில்லை. ஆமி என்றார்கள் சிலர், இயக்கத்துப் பொடியன்கள் என்றார்கள் சிலர். அண்ணன் யாருக்குத் தகவல் சொன்னார் என்று எங்களிடமே வந்து கேட்டவர்களும் உண்டு. அந்தச் செம்பில் நான் ஏதும் போட்டேனா என்று அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இது நடந்து மூன்று வருடம். சண்டை முடியவில்லை. இந்த வைகாசியும் கச்சான் எழும்பியது, எனக்கு நித்திரை போனது. நாலாம் நாள் அம்மாவும் மாமியும் வேலியடியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம்தான் என்னைப் பயப்படுத்தியது. அதே நிச்சயத்தை நான் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, எனக்கு நாலு நாளா நித்திரை இல்ல. உங்களையும் நம்பேலாமக் கிடக்கு" என்றேன்.

அம்மா உள்ளே போய்ச் சீலை மாற்றி வந்தார். என் வாயைப் பொத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேலியைப் பிடித்து நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "மாமி! இவளுக்கு மனசுக்குச் செரியில்லையாம். பட்டணத்துக்கு ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போறன். கட்டிக் கிடக்கிற ஆட்டக் கொஞ்சம் பாத்துக்கங்க!"

"போயிட்டு வாங்க கா! எனக்கும் ரெண்டு நித்திரைக் குளிசை கேட்டு வாங்க, இந்த வெக்கைக்கு நானும் விசரிதான்!" என்று மாமி பதிலுக்குக் கத்தினார். எங்கோ ஒரு வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

வெட்கத்தில் குனிந்த தலையோடுதான் பஸ் ஏறினேன். முதல் சென்ரியில் இறங்கி நடக்கச் சொல்லி எழுப்பும் வரைக்கும், அம்மாவின் தோளில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.