முகூர்த்தத்தில் திக்கிய நாகசுரம்

தொண்ணூறுகளின் கடைசியில், லுக்குட் பக்கத்து எஸ்டேட் கோயிலில் என் தங்கைக்குக் கல்யாணம். கோலா கிளாவாங்கிலிருந்து வர வேண்டிய மேளக்காரர்களின் வேன் மலைப்பாதையில் பழுதாகி நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரின் காரில் கெட்டிமேளமும் சேர்ந்த ஒரு நாகசுர சிடி இருந்தது. என்னிடம், நான் வேலை செய்த நீலாய் தொழிற்சாலையின் லேப்டாப் இருந்தது. சிடியை அதில் போட்டுக் கோயில் ஒலிபெருக்கியோடு இணைத்தேன். வாசிப்பு திக்கித் திக்கி வந்தது.

“வயரு லூசா இருக்கும்லா,” என்றார் மாமா.

வேறு வயர் மாட்டினோம். அப்போதும் திக்கியது. வயரைப் பிடுங்கிவிட்டு ஹெட்போனில் கேட்டேன். அதிலும் அப்படியே. கோளாறு லேப்டாப்பில்தான் என்று தெரிந்தது.

“என்னம்மா, நேரமாகுதுன்னு பூசாரி சொல்றாரு,” என்றார் அப்பா.

திரையின் மூலையில் வைரஸ் தேடும் புரோகிராம் தானாக ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். லேப்டாப்பின் வேகத்தை அதுதான் இழுத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். நாகசுரம் தடையில்லாமல் ஓடத் தொடங்கியது. அவசரமாக வயரைச் செருகினேன். கெட்டிமேளம் கோயில் முழுக்க முழங்க, தங்கை கழுத்தில் தாலி ஏறியது.

“தப்பிச்சோம்லா!” என்று மாமா சிரித்தார். நான் அட்சதை போடக்கூட மறந்து, நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டேன்.