கூடத்துச் சுவரில் ஒரு தபால் பெட்டி

காலையில் எழுந்தபோது பேத்தியின் இமைகள் இரண்டும் ஊதியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்றேன். முகமும் காலும் வீங்கிய பிறகுதான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு, குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரகம் புரதத்தைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும் நோய்) என்றார். இனியாவுக்கு அப்போது ஆறு வயது.

ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கம் வடியும், ஆனால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும்) தொடங்கினார்கள். உப்பைக் குறைக்க வேண்டும். வெளிக் குழந்தைகளை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. அம்மை கண்டவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தலையாட்டினேன்.

அடைந்து கிடந்த குழந்தைக்காக ஒரு தபால் பெட்டி செய்தேன். செருப்புப் பெட்டிக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, வாய் வெட்டி, கூடத்துச் சுவரில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினேன். மத்தியானம் அவள் தூங்கும்போது ஏதாவது போடுவேன். ஒரு ஸ்டிக்கர், வாசனை ரப்பர், கிளிப் படம். எழுந்ததும் ஓடிவந்து கையை விடுவாள்.

ஒருநாள் சலித்துக்கொண்டாள். "எல்லாம் உன் கையெழுத்துதான் தாத்தா. நீயே போட்டுக்கினு, போஸ்ட்மேன் வந்தாருன்னு நீயே சொல்லிக்கினு! ரோஷினி ஒண்ணுமே போட மாட்டாளா?"

ரோஷினி அடுத்த தெருப் பெண்; இனியாவின் வகுப்புத் தோழி. என் மகள் சுமதி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளை அழைத்து வந்தேன். சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் பேச்சு. இனியா விழித்துக்கொண்டாள். இருவரும் பெட்டிக்கடியில் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வாரமாகியிருந்தது. நான் விரட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து ரோஷினி வீட்டுக் கேட்டில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் அம்மா உள்ளே இருந்தபடியே, "ஆத்தா வந்திருக்காங்க சார், உள்ள வராதீங்க" என்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மை என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சொல்லாமலிருந்தால் நடக்காமல் போய்விடும் என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். அந்த வீட்டார் பேர் சொல்லாதது பக்தி. நான் பேசாமலிருந்தது கோழைத்தனம்.

மறுநாள் காலை, சுமதி சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் (புரதம் இருந்தால் நிறம் மாறும்) பார்த்துக்கொண்டிருந்தபோது, ரோஷினி வந்துபோனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேத்தே தெரியுமாப்பா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினேவா எங்கூட ஒக்காந்து சாப்ட்டீங்க? ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துனீங்களே!" பட்டையைக் கீழே போட்டாள். "ஜல்தியா கார் சொல்லுங்க."

மருத்துவர் திட்டவில்லை. "நேத்தே வந்திருக்கலாம் சார். இப்பவும் டைம் இருக்கு" என்று இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசி போட்டார். சில வாரங்கள் உடம்பில் கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

தினமும் சன்னல் வெளிச்சத்தில் அவள் சட்டையைத் தூக்கிப் பார்ப்போம். வேர்க்குருவைக் கண்டாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்ப்பேன். சுமதி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். "பாருங்க" என்று குழந்தையின் முதுகைத் திருப்புவாள், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் நெற்றியோரம் நீர் கோத்த ஒரு கொப்புளம். பிறகு மார்பில் சில. வார்டில் சேர்த்து, ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். நுரையீரலுக்குப் போனால் கஷ்டம் என்றார்கள். அவள் இருமும்போதெல்லாம் நான் வெளியே தாழ்வாரத்தில் எழுந்து நின்றேன். உள்ளே போகத் துணிவில்லை. நுரையீரலுக்குப் போகவில்லை. பிழைத்தாள்.

இதே நோயுள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். தவறு நடந்துவிட்டால் உடனே வாயைத் திறந்துவிடுங்கள். திட்டு வாங்க பிறகு நேரம் இருக்கும்.

பெட்டி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. போடுவதற்கு முன் கையைக் கழுவிக் கழுவி என் விரல்களில் தோல் உரிந்துவிட்டது. போன வாரம் இனியா கண்ணாடி முன் நின்று நெற்றியிலிருந்த சின்னக் குழியைத் தடவினாள்.

"இது ரோஷினி குடுத்ததா தாத்தா?"

"இல்லம்மா. நான் குடுத்தது."

அவள் பெட்டியை நோக்கி ஓடினாள்.

காலண்டரில் தாள் கிழிப்பதை விட்டுவிட்டேன். இந்த நோய் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்; காலையில் அவள் இமைகள் ஊதாமல் திறந்தால், அதுதான் எனக்கு ஒரு நாள்.