சேர்ந்த தேதி

சலூனுக்குள் நுழைந்ததும் அஜந்தன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர்களைத்தான் பார்ப்பார். “யாருங்க முதல்ல வந்தது? நீங்க எனக்கு முந்தியா, பிந்தியா?” என்று விசாரித்து முடித்த பிறகுதான் உட்காருவார். பதுளை டவுனில் மீன் வாங்கினாலும் பாண் வாங்கினாலும் இதே விசாரணைதான்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வீட்டில் பிறந்தவர். வளைகுடா நாடொன்றின் சின்ன விமானக் கம்பனியில் துணை விமானி. விடுமுறைக்கு வந்தால் சாரம் கட்டிக்கொண்டு கோழிக்குத் தீனி போடுவார். ஊருக்கு அவர் எப்போதோ கெப்டன் ஆகிவிட்டார்; அவர்தான் ஒத்துக்கொள்வதில்லை. “தோள்ல இன்னும் மூனு கோடுதாங்க. நாலாவது வந்தாத்தான் கெப்டன்.”

“நாலாவது கோடு நெத்தியில வந்துருச்சே,” என்பார் மனைவி சுதர்ஷினி.

அந்தக் கோடு இந்த வருடம் தோளுக்கு வந்திருக்க வேண்டியது. அதற்குள் பெரிய கம்பனியொன்று சின்னக் கம்பனியை விழுங்கிவிட்டது. விமானங்களைச் சேர்ப்பது லேசு. பெயின்ட் அடித்தால் போதும். விமானிகளைச் சேர்ப்பதில்தான் உலக அமைதி குலைகிறது. முதலில் சேர்ந்தவருக்கே முதலில் கெப்டன் பதவி என்பது அவர்கள் வேதம். இப்போது இரண்டு கம்பனிகளின் வரிசையும் ஒன்றாக வேண்டும். சேர்ந்த தேதிப்படி அடுக்கினால் அஜந்தன் அடுத்த மாதமே கெப்டன். பெரிய கம்பனியோ, எங்கள் ஆட்கள் எல்லாரும் முடிந்த பிறகுதான் நீங்கள் என்கிறது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அவருடைய சேவை அன்றைக்குத்தான் ஆரம்பம். இடாவிட்டால் வேலையே இல்லை. விடுமுறை முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“பதினோரு வருஷம் ஓட்டினவன, நேத்து வந்த பயலுக்குப் பின்னால நிக்கச் சொல்றான். சேந்த தேதின்னு ஒன்னு இருக்குல்ல?”

இதை அவர் விளக்காத ஆள் பதுளையில் இல்லை. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்ட ஐயரிடம் சேர்ந்த தேதியைச் சொன்னார் என்று ஒரு வதந்தி. சுதர்ஷினி அதை மறுக்கவில்லை.

போன ஞாயிறு சலூனில் ஒரு சரித்திர நிகழ்ச்சி. முடிவெட்டும் தயாபரன் பக்கத்துச் சலூனையும் வாங்கி, நடுச்சுவரை உடைத்திருந்தார். அந்தப் பக்கத்து வேலையாள் வரவில்லை. அங்கே மூன்று பேர் காத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து வாங்கில் மட்டும் விசாரித்துவிட்டு உட்கார்ந்த அஜந்தனின் முறை. ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. அப்போது அந்த வாங்கிலிருந்து இரும்புக்கடை பலீல் நானா குரல் கொடுத்தார்.

“தயா, நாங்க மூனு பேரும் இவருக்கு முந்தி வந்து ஈக்கிறோம்.”

“நானா, அது அந்தப் பக்கத்து வரிசை. இந்தப் பக்கம் முடிஞ்சாத்தான் அந்தப் பக்கம். கட என்னோடதுங்க.”

“சரி, கெப்டன் சொல்லட்டும். அவருக்குத்தானே இந்தச் சட்டமெல்லாம் தெரியும்.”

“நீங்க அசையாதீங்க கெப்டன். பாதி முடிஞ்சிருச்சு.”

அஜந்தன் அன்றுதான் கண்ணாடியைப் பார்த்தார். பாதி முகம் துணை விமானி, பாதி முகம் நுரை.

“நானா, எத்தன மணிக்கு வந்தீங்க?”

“ஒம்பதுக்கு.”

“நான் ஒம்பதரைங்க.”

“இப்ப எதுக்குங்க அந்தக் கணக்கு?” என்றார் கத்தியை ஓங்கியபடி தயாபரன்.

அஜந்தன் கழுத்துத் துணியோடும் நுரையோடும் எழுந்தார். உடைந்த சுவரைத் தாண்டிப் போய், அந்த வாங்கில் மூன்று பேருக்கும் பின்னால் உட்கார்ந்தார்.

பலீல் எழுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு இன்னொருவர் வந்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து நேரே அதை நோக்கி நடந்தார். அஜந்தன் துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, வாங்கில் தனக்குப் பின்னால் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.