அவளுக்கு ஆகாத வெயில்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கருங்குழியிலிருந்து கிளம்பி வந்து மண் சுமந்தவன். இன்று படூரில் நான் கட்டிய அடுக்குமாடிகள் எவை என்று கேட்டால், கட்டாதவற்றைக் காட்டுவதுதான் சுலபம். வெயில்தான் என்னை ஆளாக்கியது. என் மனைவியும் அதே வெயிலில் என் பக்கத்தில் செங்கல் சுமந்தவள்.

அவளுக்கு லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே உடம்பை அடிக்கிற நோய். வெயிலே படக் கூடாது என்றார் செங்கல்பட்டு டாக்டரம்மா. ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவு என்றும் சொன்னார்.

"இன்னாம்மா சொல்றீங்க? ஆயுசு பூரா வெயில்ல கெடந்தவ. அது எப்டி கொறயும்?"

"இந்த நோயில பல பேருக்குக் கொறைஞ்சுதான் இருக்கும், ஐயா. மேஸ்திரி இல்லாட்டி உங்க ஆளுங்க கண்ட சுவத்த இடிப்பாங்கல்ல? வைட்டமின் டி ஒரு மேஸ்திரி மாதிரி. அடங்குங்கடான்னு சொல்லும். எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்ல முடியாது. மத்த மாத்திரைய விட்டுடாதீங்க."

மேஸ்திரி என்றதோடு என் காது நின்றுவிட்டது. மேஸ்திரிகளை வைத்துத்தானே இவ்வளவும் கட்டினேன். வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் பொடி, பாலில் கலக்கி நானே கொடுத்தேன். அவள் துணி உலர்த்த மாடியில் கூரை போட்டேன். சில மாதங்களில் அளவு சரியாகிவிட்டது. ரிப்போர்ட் வந்த அன்று குடியிருப்பு முழுக்க லட்டு கொடுத்தேன். நான் கை வைத்த எது தோற்றிருக்கிறது?

"ஏம்மே, இனிமே பட்டப்பகல்ல மாமல்லபுரம் போலாம். மணல்ல ஒக்காரலாம்."

"டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு அப்பால பெருமை பேசுய்யா" என்று சிரித்தாள்.

கேட்டோம். வைட்டமின் சரியாகிவிட்டது, ஆனால் நோய் சிறுநீரகத்தில் இறங்கியிருக்கிறது என்றார். திரும்பும்போது கார் ஜன்னல் திரையை அவளே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இப்போது ஊசி மருந்து ஏறுகிறது. கடலுக்கு ஒருமுறை பொழுது சாய்ந்தபின் போனோம். மணலைக் கையில் அள்ளி, "ஆறிப்பூடுச்சு" என்று கீழே விட்டாள்.

மதியம் நான் சைட்டிலிருந்து வந்ததும், சோறு போடுமுன் என் முன்கையில் உள்ளங்கையை வைக்கிறாள்.

"இன்னிக்கு நல்ல வெயிலு போலக்கீதே."

"மண்ட காயுது."

கையை எடுப்பதில்லை. சூடு ஆறும்வரை நானும் அசையாமல் நிற்கிறேன்.