கழுவினால் போகும் சேறு

மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு சிப் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தூசி இல்லாத அறை. உள்ளே நுழையும்முன் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையை மாட்டிக்கொள்ள வேண்டும். வாய்க்கு முகமூடி, கைக்கு உறை. பவுடர் கூடாது, மை கூடாது, நெற்றியில் விபூதிகூடக் கூடாது. ஆளுக்கு இரண்டு கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஒருநாள் பசாரில் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்துச் சிரித்தேன். யாரோ என்று நினைத்து ஒதுங்கிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்தது என் கண்தான், அன்று நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்.

அப்படி ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து நான் செய்வது, சேறு பூசுவது. பெட்டியில் துண்டுதுண்டாக வரும் பிளாஸ்டிக் போர் டாங்கிகளை வாங்கி ஒட்டுவேன். ஒட்டி முடித்தால் ஒரு பூனைக்குட்டி அளவுக்கு இருக்கும். எல்லோரும் ஒட்டுவதையும் வர்ணம் அடிப்பதையும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் சேறு பூசும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கான பாதைதான்.

வாசல் மண்ணை வெயிலில் காயவைத்து, தேநீர் வடிகட்டியில் சலித்து, வர்ணப்பொடியும் வெள்ளைப் பசையும் கலந்து குழைப்பேன். சக்கரத்தில் அப்புவேன். பழைய பல்துலக்கியில் தொட்டு, விரலால் சுண்டி, பக்கவாட்டில் தெறிக்க விடுவேன். காய்ந்த சேறு வெளிறிவிடும். ஈரச் சேறு கறுத்து மினுங்கும். ஒரே சக்கரத்தில் இரண்டும் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். ஈரத்துக்குப் பளபளக்கும் வார்னிஷ். கொஞ்சம் கூடினால் பாகு ஊற்றினதுபோல ஆகிவிடும். மழை விட்டதும் பஸ் ஸ்டாப்பில் நின்று மண்லாரிகளின் டயரையே பார்த்துக்கொண்டிருப்பேன். டிரைவர்கள் சிரிப்பார்கள். தங்களைப் பார்க்கிறேன் என்று நினைப்பு.

சேற்றுக்கு முன்னால் துரு, கீறல், எண்ணெய்க் கசிவு எல்லாம் வரைந்துவிடுவேன், வண்டியின் அடிவயிற்றில்கூட. பிறகு அதன்மேல் சேறு ஏறி எல்லாம் மறைந்துபோகும். எதற்கு இந்த வீண்வேலை என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. கல்யாணம் அமையவில்லை. இரண்டு அறை வீட்டில் நான், டாங்கிகள், ஒரு மின்விசிறி.

இணையத்தில் இதே கிறுக்குப் பிடித்தவர்களின் குழு ஒன்று உண்டு. படம் போட்டால் பாராட்டுவார்கள். என்னை ‘ப்ரோ’ என்றே அழைத்தார்கள். நானும் திருத்தவில்லை. “வெள்ளைப் பசை வேண்டாம் ப்ரோ, தண்ணி பட்டா கரைஞ்சிடும், ரெசின் வாங்கிக்கோ” என்று அடிக்கடி புத்தி சொல்வார்கள். என் வீட்டில் டாங்கிமேல் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகாமல், யாராவது ஒருவர் இதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மலாக்கா டவுனில் ஒரு பேரங்காடியில் கண்காட்சி வைப்பதாகக் குழுவில் செய்தி வந்தபோது, யோசிக்காமல் பெயர் கொடுத்துவிட்டேன். ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை.

அதற்குள் அக்கா வந்து சேர்ந்தாள். அத்தான் தவறிப்போன பிறகு அவள் கோலா சுங்கை பாருவில் மகனோடு இருக்கிறாள். அந்த வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். வேலை முடியும்வரை என்னோடு இருக்கட்டும் என்று மகன் கொண்டுவந்து விட்டான். வந்த அன்றே ரேடியோவைப் போட்டாள். என் அடுப்படியில் எது எங்கே இருந்ததோ அது அங்கே இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேலை முடிந்து வரும்போது, வாசல் கதவு உள்ளேயிருந்து திறப்பது பிடித்திருந்தது. கூரை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன்.

மேசைமேல் இருந்த டாங்கியைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

“என்னாடி இது, இவ்ளோ அசிங்கமா இருக்கு?”

“அப்படித்தான்க்கா இருக்கணும்.”

“புதுசா வாங்கி சேத்தப் பூசி வெச்சிருக்க. நல்லா இருக்கு லா ஒன் கத.”

அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை அன்று எனக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே சாம்பிராணி வாசம் வந்தது. கூடத்தில் சாமிப் படங்களுக்கு முன்னால் வாழையிலை. அதில் என் கத்திகள், தூரிகைகள், வர்ணம் அடிக்கும் துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில் டாங்கி. ஒரு துளிச் சேறு இல்லை. நெற்றியில் மூன்று கோடு விபூதி, அதன்மேல் குங்குமப் பொட்டு. பீரங்கிக் குழாயில் ஒரு முழம் மல்லிகை சுற்றித் தொங்கியது. இரண்டு சங்கிலிச் சக்கரத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு லீமாவ் கஸ்தூரி. பெரிய எலுமிச்சை வைத்தால் வண்டிக்குப் பொருந்தாது என்று யோசித்து, இந்தக் கோலிக்குண்டு பழத்தைத் தேடி வாங்கியிருக்கிறாள்.

“பூசைக்கு வூட்டுல ஒரு வண்டிகூட இல்ல,” என்றாள் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. “நீயும் கம்பெனி பஸ்ல போற. சரி, இதாவது இருக்கேன்னு சுடுதண்ணில ஊறப்போட்டுத் தேச்சுக் கழுவினேன். எவ்ளோ சேறு தெரியுமா? சிங்க்கு அடைச்சிருச்சு.”

எங்கள் அப்பா எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவும்போது டயர் அக்காவின் பங்கு. அன்றைக்கு ஒரு வண்டி அழுக்காக நிற்கக் கூடாது என்பது அவளுக்குக் கேள்வியே இல்லாத விஷயம். எனக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

“யாரு ஒன்னயத் தொடச் சொன்னது? ஞாயித்துக்கெழம எல்லாரும் பாக்கறதுக்குச் செஞ்சது. இனிமே இத எப்படிக் கொண்டு போவேன்? கைய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?”

அக்கா, ஏற்ற வைத்திருந்த கற்பூரத்தை டப்பாவில் போட்டு மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ரேடியோவை நிறுத்தினாள். நான் வெள்ளை உடை போடும் அறையில் இருப்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தனியாக இருந்தபோதுகூட அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் சுண்டலோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். இலையிலிருந்து டாங்கியை எடுத்து மல்லாக்கத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

“திட்டாத. ஒன்னு கேக்கறேன். இந்த அடியில எல்லாம் துரு மாதிரி வரஞ்சிருக்க. இங்க எண்ண ஒழுகின மாதிரி இருக்கு. நெசத் துருன்னு நெனச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல. சேறு இருந்தப்ப இது ஒன்னுமே தெரியல. ஒருத்தரும் பாக்காத எடத்துல எதுக்குடி இவ்ளோ வேல?”

அந்த எண்ணெய்க் கசிவின் மேல் அவள் விரல் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பித்த இடத்திலிருந்து, நான் தூரிகையை எடுத்த இடம்வரை. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன் என்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“உள்ளுக்குள்ள இருக்கணும்ல,” என்றேன்.

“நல்லாத்தான் வரஞ்சிருக்க,” என்றாள். பிறகு, “கற்பூரம் ஏத்தலாமா?” என்று கேட்டாள்.

ஏற்றினோம். வண்டியை ஓட்டிப் பழத்தை நசுக்கச் சொன்னாள். சக்கரம் பசை போட்டு ஒட்டியது, சுற்றாது. தள்ளியதும் பழம் இரண்டும் உருண்டு சோபாவுக்கு அடியில் ஓடின. அக்கா குனிந்து எடுத்து, டாங்கிக்குப் பதிலாகத் தன் கட்டைவிரலாலேயே நசுக்கினாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சனிக்கிழமை அவள் மகன் கார் எடுத்து வந்தான். கூரை முடிந்துவிட்டதாம். இங்கேயே இருந்துவிடேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. “மழை வர்றதுக்குள்ள கெளம்புக்கா,” என்றுதான் சொன்னேன். கார் மூலை திரும்பியதும் உள்ளே வந்து ரேடியோவைப் போட்டேன். அவள் எந்த அலைவரிசை வைத்திருந்தாளோ அதுவே இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுபடி சேறு பூசி முடிக்க நேரம் இல்லை. பொட்டோடு அப்படியே கொண்டு போனேன். நீண்ட மேசைகளில் வரிசையாக டாங்கிகள், எல்லாம் சேற்றில் முழுகி எழுந்தவை. கோவிலுக்குக் கிளம்பியதுபோல் என்னுடையது ஒன்றுதான். குழுவில் ரெசின் வாங்கச் சொன்னவர், ஒரு மலாய்க்காரர், என் பெயர் அட்டையைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த ப்ரோ நீங்களா, காக்கா?”

மலாயில் காக்கா என்றால் அக்கா. நல்ல மனிதர், சங்கடத்தில் காதுவரை சிவந்துவிட்டார். முன்னால் இருக்கும் அந்தச் சிவப்பு எந்தப் படையின் குறி என்று கேட்டார். என் அக்கா வைத்தது என்றேன். தலையாட்டினார். நாள் முழுவதும் ஆட்கள் வந்தார்கள், குனிந்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்தார்கள், அடுத்த மேசைக்குப் போனார்கள். ஒருவரும் கையில் எடுக்கவில்லை. எடுக்க முடியாது. ஒவ்வொரு மேசையிலும் ‘ஜாங்கான் செந்து’, தொடாதீர்கள், என்று அட்டை வைத்திருந்தார்கள். நானும் மற்றவர்களின் டாங்கிகளைக் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

திரும்பும் வழியில், அங்கே விற்ற ரெசின் ஒரு போத்தல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“எல்லாரும் பாத்தாங்களா?”

“பாத்தாங்கக்கா.”

“அடியில?”

“இல்ல. தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருந்தாங்க.”

“அப்பறம் என்னாத்தப் பாத்தானுங்க?”

அவளே தொடர்ந்தாள். “சரி விடு. அடுத்த பூசைக்கு இன்னொரு வண்டி செஞ்சு வையி. நானே வந்து கழுவறேன்.”

புது டாங்கி இப்போது மேசையில் இருக்கிறது. அடிவயிற்றுத் துருவும் எண்ணெய்க் கசிவும் முடிந்துவிட்டன. நேற்று வாசல் மண்ணைச் சலித்தேன். ரெசின் போத்தல் மூடி திறக்காமல் இழுப்பறையில் கிடக்கிறது. சேற்றை வெள்ளைப் பசையில்தான் குழைத்தேன்.