இலவசச் சட்டையும் ஆறு புதுச் சட்டைகளும்

நெடுங்காடு கிராமத்திலிருந்து அந்த விவசாயி எங்கள் கடைக்கு வந்தபோது அவர் பையில் பதினெட்டு டி-சர்ட்கள் இருந்தன. எல்லாம் ஒரு விதை நிறுவனம் நெல் விதையோடு இலவசமாகக் கொடுத்தவை. நெஞ்சுப் பக்கம் நிறுவனத்தின் முத்திரை: பச்சை வட்டத்துக்குள் ஒரு கதிர்.

டிப்ளமோ முடித்துவிட்டு காரைக்காலில் ஓர் அச்சுக்கடையில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெத மொளைக்கல தங்கச்சி. கேக்கப் போனா கம்பெனியில ஆளே இல்லங்குறான். முதுகுல எழுதிக் குடுங்க, போட்டுக்கிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறோம்."

"புதுச் சட்டை வாங்கலையாண்ணே?"

"நல்ல சட்டைய வச்சுக்கிட்டு புதுசு எதுக்கு? அவங்க பேரும் முன்னாடியே இருக்கு, உங்களுக்கும் வேலை மிச்சம்."

அவர் எழுதச் சொன்னதையே அச்சடித்தேன்: 'விதைத்தோம். சட்டைதான் கிடைத்தது.'

விவசாயிகள் அதைப் போட்டுக்கொண்டு நின்றதைப் படமெடுத்து ஒரு சமூக வலைத்தளத்தில், காரைக்கால்காரர்கள் குழுவில் போட்டேன். வெளியூரில் வேலை பார்க்கும் ஆறு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இலவசச் சட்டை மீதமில்லை. வெள்ளைச் சட்டை வாங்கி, முத்திரையைக் கணினியில் கோடு பிசகாமல் வரைந்து, அச்சடித்து விற்றேன். கச்சிதமாக வந்ததில் எனக்குப் பெருமைகூட.

இரண்டு வாரத்தில் நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. வணிக முத்திரையை அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறோம்; படத்தை நீக்க வேண்டும்; வாசகம் பொய் என்று எழுதி அதே குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு.

"மன்னிப்புன்னு எழுதி, கையெழுத்தப் போட்டு அனுப்பிடு பாப்பா," என்றார் கடை நடத்தும் அக்கா. "கோர்ட்டுக்கு அலைய என்னால முடியாது."

விவசாயிக்குப் போன் செய்தேன். வேளாண் துறையில் இழப்பீட்டு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். "பொய்னு நீங்க எழுதுனா, அதையே காட்டி எங்க மனுவ குப்பையில போட்டுருவாங்க," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

குழப்பம் வந்தால் வரிசையிட்டு எழுதுவது என் பழக்கம். ஒன்று, பதினெட்டுச் சட்டைகளில் முத்திரையை அடித்தது நிறுவனமே. இரண்டு, கொடுத்த பிறகு சட்டை விவசாயியுடையது. மூன்று, முதுகில் இருப்பது விவசாயிகளின் பேச்சு. நான்காவதாக, ஆறு புதுச் சட்டைகள் என்று எழுதியதும் பேனா நின்றது. அங்கே முத்திரையை வரைந்தது நான். விற்றதும் நான். அவர்களுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வியாபாரமும் செய்திருக்கிறேன்.

வாசகம் மெய்தானா? மறுநாள் காலை நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று அவர் உழாமல் விட்டிருந்த நாற்றங்காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளை. அதே வாய்க்கால் தண்ணீர் பாயும் பக்கத்து நாற்றங்காலில், வேறு விதை, பச்சைப்பசேலென்று நின்றது.

பதில் எழுதினேன். ஆறு சட்டைகளில் முத்திரையை வரைந்தது தவறு. வரைந்த கோப்பைக் கணினியிலிருந்து அழித்தாயிற்று, சட்டைகளைத் திரும்பப் பெறுகிறோம். விவசாயிகளின் படத்தை நீக்க மாட்டோம். வாசகம் பொய் என்று எழுத முடியாது. நாற்றங்காலை நேரில் பார்த்தாயிற்று.

அக்கா இரண்டு முறை படித்தார்.

"உன் பேர்ல எதுக்குப் போட்ட?"

"கடைக்கு வம்பு வேணாம்னுதான்க்கா."

"அச்சடிச்சது கடை. இப்ப உன்ன முன்னால தள்ளிட்டு நான் பின்னால நிக்கவா? கடை பேர்ல மாத்து. சீல் நான் வைக்கிறேன்."

மாற்றினேன். அன்றே அந்த ஆறு பேருக்கும் சட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினேன். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும், துவைத்துப் போட்டாயிற்று, தரமாட்டேன் என்றார். அதை வாங்க அவரோடு இன்னும் ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.